பிள்ளைக்குப் பொறுமை இல்லையாம்!

1/ வைகுண்ட ஏகாதசி. திருச்சிக்கு உள்ளூர் விடுமுறை. மறுநாள் ஓபி-யில் ஒரு அப்பா: "திருமால் பெருமை போட்டேன் டாக்டர், பத்து நிமிஷத்துல எந்திரிச்சுட்டான். கவனக்குறைபாடா?"

2/ இல்லைங்க. வீட்டிலும் பள்ளியிலும் 6 மாசத்துக்கு மேல் தொந்தரவு இருந்தா வாங்க, பார்க்கிறேன். இங்கே நடந்தது வேற: படத்தைப் போட்டுட்டு நீங்க ஃபோனை எடுத்தீங்க.

3/ 1968 படம், ஏ.பி.நாகராஜன் இயக்கம். பெரியாழ்வார், விப்ரநாராயணர், திருமங்கை மன்னன் எல்லாம் சிவாஜி ஒருத்தர்தான். பக்கத்துல உட்கார்ந்து இதைச் சொன்னாலே பையன் கண்ணை எடுக்க மாட்டான்.

4/ விப்ரநாராயணர் தேவதேவியிடம் மயங்கும் இடத்தை ஓட்டி விடாதீங்க. அவர்தான் பின்னாடி தொண்டரடிப்பொடி. தப்பு செஞ்சவனுக்கும் திரும்பி வர வழி உண்டுன்னு பிள்ளை தெரிஞ்சுக்கட்டும்.

5/ விடிய விடிய வேண்டாம். 6 முதல் 12 வயசுக்கு 9 மணி நேரத் தூக்கமாவது வேணும். கண்விழிப்பு விரதம் உங்களுக்கு, அவனுக்கு இல்லை. மூணு சாயங்காலமாப் பிரிச்சுப் பாருங்க.

6/ அப்புறம் ஸ்ரீரங்கம் கூட்டிப் போங்க. தொண்டரடிப்பொடியின் நந்தவனத்தை இடிக்காம திருமங்கை மன்னன் மதிலை ஒதுக்கிக் கட்டினதா ஐதீகம். அந்த மதிலைக் காட்டுங்க. ஃபோன் வீட்டிலேயே இருக்கட்டும்.