காசு கட்டினால் கார் வேகமாகுமா? 'அப்டேட்' போட்ட பிறகு பிக்கப்பை அளப்பது எப்படி?

போன மாதம் ஆரணிக்குப் போயிருந்தபோது, தறி வைத்திருக்கும் மாமா ஒருவர் தன்னுடைய மின்சார காரில் ஒரு ரவுண்ட் கூட்டிப் போனார். "அப்டேட் போட்டேன் மாப்ள. இப்போ பிக்கப் வேற மாதிரி இருக்கு, பாரு" என்றார்.

"எவ்வளவு கூடியிருக்கு மாமா?"

"எவ்வளவுன்னா... நல்லாவே தெரியுதுல்ல?"

இதே மாமா ஜரிகை வாங்கும்போது பளபளப்பைப் பார்த்து நம்புகிற ஆள் இல்லை. வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று மெஷினில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் காசை எடுப்பார். கார் விஷயத்தில் மட்டும் "நல்லா தெரியுது" போதுமா? காரின் வேகத்தையே தனியாக விலை போட்டு விற்கத் தொடங்கிவிட்ட காலத்தில் இது சாதாரண கேள்வி இல்லை.

வேகத்துக்குத் தனி விலை

2019 டிசம்பரில் டெஸ்லா ஒரு காரியம் செய்தது. 'மாடல் 3' காரின் ஒரு வகையை ஏற்கெனவே வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தவர்களிடம், 2,000 டாலர் கட்டினால் 0-வில் இருந்து 60 மைல் வேகத்தை 4.4 விநாடிக்குப் பதில் 3.9 விநாடியில் எட்டலாம் என்றது. மெக்கானிக் வேண்டாம், ஸ்பேனர் வேண்டாம். இணையம் வழியாக சாஃப்ட்வேர் இறங்கும், அவ்வளவுதான்.

அடுத்து போல்ஸ்டார் வந்தது. 'போல்ஸ்டார் 2' காருக்கு 1,000 யூரோ கட்டினால் 0-100 கி.மீ. நேரம் 4.7-ல் இருந்து 4.4 விநாடியாகக் குறையும் என்றது. 2022-ல் மெர்சிடிஸ் இன்னும் ஒரு படி மேலே போய், அமெரிக்காவில் இதை வருட சந்தாவாகவே அறிவித்தது: ஆண்டுக்கு 1,200 டாலர். 2025-ல் ஃபோக்ஸ்வாகன் பிரிட்டனில் 'ஐடி.3' காரின் கூடுதல் சக்திக்கு மாதம் 16.50 பவுண்டு, அல்லது மொத்தமாக 649 பவுண்டு என்று விலை வைத்தது.

நம்ம பக்கமும் இது புதுசு இல்லை. ஓசூரில் ஸ்கூட்டர் தயாரிக்கும் ஏத்தர், 2023-ல் 450எக்ஸ் மாடலை 'ப்ரோ பேக்' இல்லாமல் குறைந்த விலைக்கு விற்றது. ரைடிங் மோடுகள் எல்லாம் வேண்டுமென்றால் ப்ரோ பேக் தனியாக வாங்க வேண்டும். (அந்த அதிவேக மோடின் பெயர் 'வார்ப்'. ஆரணியில் வார்ப் என்றால் பாவு. தறிக்காரர்கள் மத்தியில் இந்த ஸ்கூட்டரைப் பற்றிப் பேசினால் கொஞ்சம் குழப்பம் வரும்.)

சாஃப்ட்வேர் போட்டால் எப்படி வேகம் கூடும்?

மின்சார வண்டியில் பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவே இன்வெர்ட்டர் இருக்கிறது. மோட்டாருக்கு எவ்வளவு கரன்ட் போகலாம் என்பதை முடிவு செய்வது அதுதான். பேட்டரி சீக்கிரம் தேயக்கூடாது, மோட்டார் சூடாகக்கூடாது, வாரன்ட்டி செலவு ஏறக்கூடாது என்று கம்பெனி ஒரு உச்சவரம்பு வைக்கும். சில சமயம், விலை குறைந்த மாடல் விலை அதிகமான மாடலை முந்திவிடக் கூடாது என்பதற்காகவும் வைக்கும். அந்த வரம்பைக் கொஞ்சம் தளர்த்துவதுதான் இந்த 'பெர்ஃபார்மன்ஸ் அப்டேட்'. அதாவது, சக்தி நீங்கள் வாங்கிய காரில் முதல் நாளிலிருந்தே இருந்தது. பூட்டி வைத்திருந்தார்கள்.

இன்னொரு வகை அப்டேட்டும் உண்டு. பெடலைப் பாதி அமுக்கினால் எவ்வளவு சக்தி வர வேண்டும் என்ற கணக்கை மட்டும் மாற்றுவது. முன்பு பாதி அமுக்கினால் 40 சதவீத சக்தி வந்தது, இப்போது 60 சதவீதம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டவுனுக்குள் ஓட்டும்போது கார் பாய்வது போலவே இருக்கும். ஆனால் பெடலை முழுசா அமுக்கினால் பழைய நேரம்தான் வரும். மாமாவுக்கு "நல்லா தெரிந்தது" இந்த வகையா, நிஜமாகவே சக்தி கூடியதா என்பதை முதுகை வைத்துச் சொல்ல முடியாது. அளந்தால்தான் தெரியும்.

அளப்பதில் என்ன கஷ்டம்?

கஷ்டமே இங்கேதான். விற்கிற வேகம் 0.3 விநாடி, 0.5 விநாடி என்ற அளவில் இருக்கிறது. பக்கத்து சீட்டில் இருப்பவர் மொபைல் ஸ்டாப்வாட்ச்சை அமுக்கினால், அவருடைய விரல் தாமதமே சுமார் 0.2 விநாடி. தொடக்கத்தில் ஒரு முறை, முடிவில் ஒரு முறை.

ஸ்பீடோமீட்டரை நம்பலாமா? ஐ.நா. வாகன விதிப்படி அது உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது. ஆனால் 10 சதவீதமும் அதோடு 4 கி.மீ.யும் கூட்டிக் காட்டலாம். ஆகவே, முள் 100-ஐத் தொடும்போது கார் உண்மையில் 88 கி.மீ. வேகத்தில்கூட இருக்கலாம். அப்டேட்டுக்கு முன், பின் என்று ஒரே மீட்டரில் ஒப்பிடுவதற்கு அது உதவும். கம்பெனி சொன்ன எண்ணோடு ஒப்பிட உதவாது.

சரி, மொபைல் ஜி.பி.எஸ்? பெரும்பாலான போன்கள் விநாடிக்கு ஒரு முறைதான் இடத்தைக் குறிக்கின்றன. 100 கி.மீ. வேகத்தில் ஒரு விநாடிக்குள் கார் 28 மீட்டர் தாண்டிவிடும். அதனால்தான் கார் விமர்சகர்கள் விநாடிக்கு 10 முறைக்கு மேல் குறிக்கும் 'டிராகி', 'விபாக்ஸ்' போன்ற கருவிகளை வைத்து அளக்கிறார்கள். சில கார்களில் உள்ளேயே டைமர் வருகிறது. அது விற்றவர் தராசிலேயே எடை போடுகிற மாதிரி.

அடுத்தது ரோடு. சென்னையில் 2024 நவம்பரில் அறிமுகமான மஹிந்திரா பிஇ 6 காரையே எடுத்துக்கொள்வோம். 79 கிலோவாட் ஹவர் பேட்டரி உள்ள மாடலுக்கு 0-100 நேரம் 6.7 விநாடி என்கிறது கம்பெனி. 100 மீட்டருக்கு வெறும் ஒரு மீட்டர் இறங்கும் ரோட்டில் இதே கார் சுமார் 0.15 விநாடி முன்னதாகவே 100-ஐத் தொட்டுவிடும். அதே ரோட்டில் ஏறினால் அதே அளவு தாமதமாகும். இரண்டுக்கும் வித்தியாசம் 0.3 விநாடி. போல்ஸ்டார் 1,000 யூரோவுக்கு விற்ற அதே 0.3!

நூற்றுக்கு ஒன்று சரிவு கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆரணியைச் சுற்றி எல்லாம் சமதளம்தானே என்று தோன்றும். ஆனால் ஜவ்வாது மலையிலிருந்து வரும் கமண்டல நாகநதி கிழக்கு நோக்கித்தானே ஓடுகிறது? தண்ணீர் போகிற பக்கம் நிலமும் இறங்குகிறது.

எடையும் சும்மா இல்லை. இரண்டு டன் காரில் 70 கிலோ ஆள் ஒருவர் கூடுதலாக ஏறினால் கிட்டத்தட்ட 0.2 விநாடி போய்விடும். பேட்டரி சார்ஜ் குறைந்தாலும், ரொம்ப சூடானாலும் கார் தானாகவே சக்தியைக் குறைத்துக்கொள்ளும். மே மாத வெயிலில் மத்தியானம் ஒரு தடவையும், மழைக்காலத்தில் காலையில் ஒரு தடவையும் அளந்து ஒப்பிட்டால் நீங்கள் அளப்பது அப்டேட்டை அல்ல, பருவத்தை.

அப்போ எப்படித்தான் அளப்பது?

முதல் அளவை அப்டேட் போடுவதற்கு முன்பே எடுக்க வேண்டும். பாதிப் பேர் கோட்டை விடுவது இதில்தான். போட்ட பிறகு பழைய நேரத்தைத் திரும்ப எடுக்க வழி இல்லை.

ஒரே டிரைவர், அதே ஆட்கள், ஒரே மோடு, ஏசி ஒரே நிலை, டயரில் ஒரே காற்று. சார்ஜ் 80 சதவீதம் என்றால் இரண்டு நாளும் 80 சதவீதம். ஒரே தூரத்தில் போக மூன்று, வர மூன்று என்று ஓட்டி சராசரி எடுத்தால் சரிவும் காற்றும் பெருமளவு அடிபட்டுப் போகும். நடுவில் பேட்டரி ஆற நேரம் கொடுக்க வேண்டும். நல்ல நேரத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழிக்கக் கூடாது.

உதாரணத்துக்கு, முன்பு 6.9, 7.1, 6.8 விநாடி. பின்பு 6.8, 6.9, 6.7 என்று வைப்போம். சராசரி 0.13 விநாடி குறைந்திருக்கிறது. ஆனால் அப்டேட்டே இல்லாமல் அந்தக் காரின் ஓட்டங்களுக்குள் 0.3 விநாடி ஆட்டம் இருக்கிறதே! இதை வைத்து 'வேகம் கூடிடுச்சு' என்று சொல்ல முடியாது.

எந்த இடத்தில் அளக்கிறோம் என்பதும் முக்கியம். போல்ஸ்டார் அப்டேட்டில் கூடுதல் சக்தி வருவது 70 முதல் 130 கி.மீ. வேகத்துக்குள்தான். அதனால் 0-100 நேரம் 0.3 விநாடிதான் குறைந்தது. 80-ல் இருந்து 120-க்குப் போகும் நேரமோ அரை விநாடி குறைந்து 2.2 விநாடி ஆனது. பஸ்ஸை ஓவர்டேக் செய்யும்போது கைகொடுப்பது இந்த எண்தான். விளம்பரத்தில் பெரிசாக வருவது அந்த எண்.

அமெரிக்க எண்களைப் பார்க்கும்போது இன்னொரு எச்சரிக்கை. 60 மைல் என்பது 96.6 கி.மீ., 100 அல்ல. அதோடு அங்கே டிராக் ரேஸ் வழக்கப்படி முதல் ஒரு அடி தூரத்தைக் கணக்கில் சேர்க்காமல் நேரத்தைச் சொல்வதும் உண்டு. டெஸ்லாவே சில மாடல்களுக்கு இதைச் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது. அந்த ஒரு அடிக்கே கால் விநாடி.

எங்கே அளக்கலாம்?

வேலூர் ரோட்டில் வேண்டாம். பொது இடத்தில் அனுமதியில்லாமல் வண்டிகள் வேகப் போட்டி போட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவின்படி முதல் முறைக்கு 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. தனியாக ஓட்டினாலும் அதிவேகம், ஆபத்தாக ஓட்டுதல் என்று 183, 184 பிரிவுகள் இருக்கின்றன. கம்பெனிகளுக்கு மூடிய ஓடுதளம் உண்டு. மஹிந்திராவின் எஸ்யூவி சோதனை ஓடுதளம் ஆரணிக்குப் பக்கத்திலேயே, செய்யாறு பக்கம் இருக்கிறது. நம்மை உள்ளே விட மாட்டார்கள். பொதுமக்களுக்கு எட்டுகிற தூரத்தில் இருப்பது இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்தான்.

ஸ்கூட்டர்காரர்கள் கவனத்துக்கு

ஆரணித் தெருக்களில் மின்சார காரைவிட ஸ்கூட்டர்தான் அதிகம். 250 வாட்டுக்குள் மோட்டார், 25 கி.மீ.க்குள் வேகம் உள்ள எடை குறைந்த வண்டிக்குப் பதிவும் லைசென்ஸும் தேவையில்லை. அதை மெக்கானிக்கிடம் கொடுத்து 'லாக் எடுத்து' 45, 50-ல் ஓட்டுவதுதான் ஊர்ப்பக்கத்து அப்டேட். அந்த நிமிடமே சட்டப்படி அது மோட்டார் வாகனம். பதிவு, லைசென்ஸ், இன்சூரன்ஸ் எதுவும் இல்லாத மோட்டார் வாகனம். 25 கி.மீ.க்குப் போட்ட பிரேக் அப்படியேதான் இருக்கும். யாரையாவது இடித்துவிட்டால் நஷ்டஈட்டை வீட்டை விற்றுத்தான் கட்ட வேண்டும்.

கம்பெனியிடம் காசு கட்டி, சொன்ன வேகம் வரவில்லை என்றால்? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே வழக்குக் கட்டணம் கிடையாது. அங்கே "பிக்கப் கம்மியா தெரியுது சார்" என்பது நிற்காது. முன்-பின் அளவு, தேதி, சார்ஜ் அளவு, கட்டிய ரசீது, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் இருக்க வேண்டும். பழைய கார் வாங்குபவர்களும் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: அப்டேட் காரோடு வருமா, பழைய ஓனரின் கணக்கோடு போய்விடுமா? ஃபோக்ஸ்வாகன், மொத்தமாகக் கட்டினால் அது காரோடு இருக்கும் என்கிறது. எல்லோரும் அப்படிச் சொல்ல வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

இதையெல்லாம் போனில் மாமாவிடம் சொன்னேன். "பழைய கணக்கு நம்மகிட்ட இல்லையே மாப்ள" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே கூப்பிட்டார். காரில் அடுத்த அப்டேட் வந்திருக்கிறதாம். 'இன்ஸ்டால்' அமுக்காமல் வைத்திருக்கிறாராம். இருங்காட்டுக்கோட்டையில் எப்போது டிராக் கிடைக்கும் என்று விசாரித்துச் சொல்லச் சொன்னார்.