ஊரா, காலனியா?

பெயர், வயது எழுதியாயிற்று. ஊர்ப் பெயரும் சொல்லியாயிற்று. அதற்கு மேலும் ஒரு கேள்வி வருகிறது: ‘ஊரா, காலனியா?’ எந்த ஓ.பி. சீட்டிலும் அப்படி ஒரு கட்டம் கிடையாது. ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். தாளில் இருந்து போய்விடும். வாயில் இருந்து எப்போது போகும்?

நமக்குத் தெரிந்த விவசாயக் கூலி ஒருவர், ஐம்பதைத் தாண்டியவர், கால் வீங்கி, மூச்சு வாங்கி, அரசு மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்டார். பதினோரு நாள் படுக்கையில் கிடந்தார். தினமும் ரத்தம் எடுத்தார்கள். ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். காலையில் ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் கட்டிலின் கால்மாட்டில் நின்று கேஸ் ஷீட்டைப் புரட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். கல்லூரியில் படிக்கும் மகள், ‘அப்பாவுக்கு என்ன சார்?’ என்று கேட்டார். ‘சொன்னா உனக்குப் புரியுமா? ஓரமா நில்லு’ என்று பதில் வந்தது. அவர் படிப்பது பி.எஸ்சி. வேதியியல்!

அடுத்த கட்டில்காரரிடம் அதே டாக்டர், ‘பயப்படாதீங்க ஐயா, உப்பைக் குறைங்க’ என்று நின்று பேசினார். அவருக்கு ‘ங்க’, இவருக்கு ‘நீ’. வயதில் இவர்தான் மூத்தவர். கடைசியில் செவிலியர் ஒருவர்தான், பாவம் பார்த்து, இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டதைச் சொன்னார். ‘சாவுறதுக்குக்கூட பயமில்ல, என்ன நோயின்னு தெரியாமக் கெடக்கிறதுதான் பயமா இருந்துச்சு’ என்றார் அந்தப் பெரியவர்.

கூட்டம் அதிகம், டாக்டர்கள் குறைவு என்பார்கள். உண்மைதான். இரவும் பகலும் தூங்காமல் ட்யூட்டி பார்க்கும் பயிற்சி மருத்துவர்களை நாமும் பார்க்கிறோம். ஆனால் நேரமில்லை என்பது எல்லாக் கட்டிலுக்கும் பொதுவாக இருக்க வேண்டும் அல்லவா? ஒரு கட்டிலில் கிடைக்கும் இரண்டு நிமிடம் அடுத்த கட்டிலில் ஏன் கிடைப்பதில்லை?

அண்ணல் அம்பேத்கர் ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ நூலில் கத்தியவாரில் நடந்த ஒன்றை எடுத்துக்காட்டுகிறார். தீண்டப்படாத வகுப்பு ஆசிரியர் ஒருவரின் மனைவி, பிரசவம் முடிந்த சில நாளில் நோயில் விழுந்தார். சேரிக்குள் வர மாட்டேன் என்றார் டாக்டர். ஊர்ப் பெரியவர்கள் தலையிட்ட பிறகு வந்து வெளியே நின்றார். தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுத்தார். அவர் கணவரிடம் கொடுக்க, கணவர் மனைவிக்கு வைத்தார். அதே வழியில் அது திரும்பிப் போனது. நிமோனியா என்று சொல்லிவிட்டுப் போனவர், பிறகு கூப்பிட்டும் வரவில்லை. அந்தப் பெண் இறந்துபோனார். அந்த ஆசிரியரின் கடிதம் 1929 டிசம்பரில் ‘யங் இந்தியா’ இதழில் வெளிவந்தது. இன்று தெர்மாமீட்டர் கை மாறுவதில்லை. ஆனால் கால்மாட்டில் நிற்கும் அந்தத் தூரம் இருக்கிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1955 குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 5-வது பிரிவு, தீண்டாமை காரணமாக மருத்துவமனையில் சேர்க்க மறுப்பதை மட்டுமல்ல, சேர்த்த பிறகு பாகுபாடு காட்டுவதையும் குற்றம் என்கிறது. 2015-ல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் மருத்துவமனை, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள் நுழைவதைத் தடுப்பதைக் குற்றமாக்கியிருக்கிறது. மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஹக்கீம் ஷேக் என்ற தொழிலாளியை அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. 1996-ல் உச்ச நீதிமன்றம், இது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையை மீறிய செயல் என்று கூறி 25,000 ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. திருப்பி அனுப்பினால் சாட்சி உண்டு. பேசாமல் போனதை எந்தக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுப்பது?

அதனால்தான் காகிதம் முக்கியம். நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால், மருத்துவப் பதிவுகளை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் நெறிமுறை விதி. வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கொடுங்கள். தேதி போட்டு, ஒரு நகலில் முத்திரையும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆர்.எம்.ஓ. வாங்க மறுத்தால் டீனிடம் கொடுக்கலாம். மாவட்ட, தாலுகா மருத்துவமனை என்றால் நலப்பணிகள் இணை இயக்குநரிடம் போகலாம். 104-க்குப் பேசினால் புகார் பதிவாகும். ஊரில் படிக்கிற பிள்ளைகள், அக்கம்பக்கத்து நோயாளியோடு ஒருநாள் துணைக்குப் போய் இந்த விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தால் போதும்.

அந்தப் பெரியவருக்கு இப்போது வாரம் இரண்டு முறை டயாலிசிஸ், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் நடக்கிறது. மகள் கேஸ் ஷீட் நகல் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். இதை எழுதும்போது 72 மணி நேரம் முடிந்து மேலும் இரண்டு நாள் ஆகிவிட்டது. திங்கட்கிழமை மறுபடி போகிறார். இந்த முறை கூட மூன்று தோழிகளும் போகிறார்கள்.