ஒரு வயதில் மூத்த பிள்ளை

ஓட்டமாவடியில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் தாய்மாரிடையே, இடுப்பில் ஒரு குழந்தையும் கையைப் பிடித்தபடி இன்னொரு குழந்தையுமாக நிற்பவர்கள் சிலர் எப்போதும் கண்ணிற் படுவர். இரண்டுக்கும் இடையே பதின்மூன்று, பதினான்கு மாதமே இருக்கும். இடுப்பில் இருப்பது சின்னப் பிள்ளை. தரையில் நிற்பது பெரிய பிள்ளை. பெரிய பிள்ளைக்கு வயது இரண்டு நிறைந்திராது. பஸ் வரத் தாமதமானால் அதுவும் தன்னைத் தூக்கச் சொல்லி அழும். “நீ காக்கா அல்லோ, அழலாமா?” என்பாள் தாய். எம்மவர் வீடுகளில் இதே கேள்வி, “நீ அண்ணன் அல்லவா?” என்று வரும். சொல்தான் வேறு, சுமை ஒன்றே.

ஆங்கிலேயருக்கு அண்ணனும் தம்பியும் ஒரே சொல்லில் அடங்கிவிடுவர். நமக்கு அவ்வாறில்லை. அன்றாடப் பேச்சில் மூத்தவன் யார், இளையவன் யார் என்று சொல்லாமல் உடன்பிறந்தவனைக் குறிக்க வழியே இல்லை. இந்த ஒழுங்கினால் நன்மை பல உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் ஐந்து வயதில் ஏற்கவேண்டிய பட்டத்தைப் பதினோராம் மாதத்திலே சூட்டினால், அந்தப் பிள்ளை அதற்காக எதை இழக்கிறது என்பதைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டாமா? அடுத்தடுத்துப் பிள்ளை பெற்ற வீட்டில் எல்லாருடைய கவனமும் பச்சைக் குழந்தைமேற் செல்லும். அது இயல்பே. ஆனால் அந்த வீட்டில் பச்சைக் குழந்தைகள் இரண்டு. ஒன்றை மட்டும் நாம் பெரியது என்று அழைக்கிறோம்.

நம் முன்னோர் இதனை அறியாதவர் அல்லர். தாய் மீண்டும் கருவுற்றதனாற் பாலின்றி மெலியும் குழந்தைக்கு அவர்கள் ஒரு பெயரே இட்டு வைத்தனர்: சவலைப் பிள்ளை. (இரண்டு குறள் வெண்பாக்கள் இடையே தனிச்சொல் இல்லாமல் அடுத்தடுத்து நின்றால் அதற்குச் சவலை வெண்பா என்று பெயர். இலக்கணம் படிக்கும் மாணவர், இடையில் வரவேண்டியது வராமற் போன இந்தக் குறையை நினைவிற் கொண்டால் அந்தப் பெயரை மறக்கமாட்டார்கள்.) ஆபிரிக்காவின் தங்கக் கரையில், இன்றைய கானா நாட்டில், சிசிலி வில்லியம்ஸ் என்னும் மருத்துவப் பெண்மணி உடல் வீங்கி, தோல் உரிந்து, எதிலும் விருப்பமின்றி வாடிய சிறு குழந்தைகளைக் கண்டார். அவர்கள் பெரும்பாலும் அடுத்த குழந்தையின் வரவாற் பால் மறக்கப்பட்டு, மக்காச்சோளக் கூழில் வளர்ந்தவர்கள். அந்த ஊர்க் கா மொழியில் இந்நோய்க்கு வழங்கிய ‘குவாஷியோர்க்கர்’ என்ற பெயரையே அவர் 1935 இல் மருத்துவ உலகுக்கு அறிமுகஞ் செய்தார். இளையது பிறக்க இடமிழந்த மூத்ததைப் பற்றும் நோய் என்பது அதன் பொருள். கடல் கடந்த இரு மக்கள், ஒருவரை ஒருவர் அறியாமலே, ஒரே துன்பத்துக்குப் பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

இன்று நம்மூரில் நிலை அவ்வளவு கொடியதன்று. எனினும் பால் விஷயத்தில் இரண்டு தவறான எண்ணங்கள் இன்னும் நிலவுகின்றன. பால் கொடுக்குங் காலத்திற் கரு தங்காது என்பது ஒன்று. குழந்தைக்கு ஆறு மாதம் நிறையாமல், இரவும் பகலும் தாய்ப்பாலன்றி வேறொன்றும் ஊட்டாமல், மாதவிலக்கும் திரும்பாதிருக்கும்வரைதான் அந்தக் காவலை நம்பலாம். மூன்றில் ஒன்று தவறினும் நம்புவதற்கில்லை. இரண்டு பிள்ளைகளுக்கிடையே பதினோரு மாதம் என்ற கணக்கு பல வீடுகளில் இந்த நம்பிக்கையிலிருந்து பிறந்ததே. மற்றது, கருவுற்றவுடன் மூத்ததற்குப் பாலை ஒரே நாளில் நிறுத்திவிடவேண்டும் என்பது. தாய் நல்ல சுகத்துடன் இருந்து, மருத்துவரும் தடை சொல்லாதபோது, அப்படி நிறுத்தவேண்டிய அவசியம் இல்லை. மாதம் ஏற ஏறப் பால் தானாகவே குறையும், சுவையும் மாறும், சில பிள்ளைகள் தாமாகவே விட்டுவிடும். இளையது பிறந்தபின் இருவருக்கும் ஊட்டுவதாயின், முதல் உரிமை இளையதற்கு. மூத்தது ஒரு வயதுக்கு உட்பட்டதாயிருந்தால், தாயின் பால் குறைவதை மருத்துவமாதுவிடம் சொல்லிவிடவேண்டும். அவர் நிறுத்துப் பார்த்து, வளர்ச்சிக் கோடு கீழே சாய்கிறதா என்று கண்டு சொல்வார். 1973 முதல் நாட்டில் வழங்கப்பட்டுவரும் திரிபோஷா கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் எடை குறைந்த குழந்தைகளுக்கும் உரியது. அதைக் குடும்பம் முழுவதும் பகிர்ந்துண்ணும் வழக்கத்தை நாம் மெச்சமாட்டோம். வாவி மீனும் முட்டையும் பருப்பும் கீரையும் தயிரும் இந்தப் பகுதியிற் கிடையாத பொருள்கள் அல்ல. மூத்த பிள்ளையின் சோற்றிலே அவை சேரவேண்டும். வெறும் கஞ்சியும் தேநீரில் தோய்த்த பிஸ்கற்றும் பாலுக்கு ஈடாகா.

ஒரு பிள்ளை பிறந்து இருபத்துநான்கு மாதமேனும் கழிந்தபின் அடுத்த கருவுக்கு முயல்வது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியிருக்கிறது. தாயின் இரத்தமும் பலமும் மீள அவ்வளவு காலம் வேண்டும். இது இனிப் பெறுவோருக்கு. முன்னரே பெற்றுவிட்ட தாயிடம் போய் இதைச் சொல்லிக் காட்டுவது அறிவுரை ஆகாது.

அவளுக்கு வேண்டியது இன்னொரு மடி. மட்டக்களப்புப் பகுதிக்கு இதில் ஓர் அதிர்ஷ்டம் உண்டு. இங்கே தமிழரும் முஸ்லிம்களும் மகளுக்கே வீட்டைக் கொடுக்கிறார்கள். மாப்பிள்ளை மனைவி வீட்டுக்கு வருகிறார். அக்கரைப்பற்றில் ஆராய்ச்சி செய்த அமெரிக்க அறிஞர் டெனிஸ் மக்கில்வ்ரே 2008 இல் வெளியிட்ட நூலில் இந்தத் தாய்வழிக் குடிமுறையை விரிவாக எழுதியுள்ளார். இதனால் தாயின் தாய் அதே வளவிலோ அடுத்த வளவிலோ இருப்பாள். வழக்கமாக அவளிடம் மூத்ததை ஒப்படைத்துவிட்டு இளையதைத் தாய் வைத்துக்கொள்வாள். நாம் மாற்றிச் செய்யச் சொல்வோம். பசியாறி உறங்கும் சிசுவுக்கு எந்த மடியானாலும் ஒன்றே. நாளில் அரை மணி நேரமாவது அதை அம்மம்மாவிடமோ தகப்பனிடமோ கொடுத்துவிட்டு, தாய் மூத்ததைத் தனியே மடியில் வைத்துக்கொள்ளட்டும். தம்பியைக் கிள்ளும் பிள்ளையை அடிப்பதைவிட இது பயன் தரும் என்பது நாம் பல வீடுகளிற் கண்டது. தகப்பன்மார் இந்த வேலைக்குக் கூச்சப்படத் தேவையில்லை.

பள்ளிப் பருவம் வந்ததும் சிக்கல் வேறு உருவம் எடுக்கிறது. நம் நாட்டில் ஜனவரி 31 ஆம் திகதிக்குள் ஐந்து வயது பூர்த்தியான பிள்ளையே அவ்வாண்டு முதலாந் தரத்திற் சேரலாம். 2014 பெப்ரவரி 10 இல் ஒரு பிள்ளையும் 2015 ஜனவரி 20 இல் மற்றதும் பிறந்திருப்பின், இரட்டையர் அல்லாத அவ்விருவரும் 2020 இல் ஒரே தரத்திற் சேர்வர். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்கும் ஒரே நாளில் அமர்வர். ஒருவன் வெட்டுப்புள்ளியைத் தாண்டி, மற்றவன் நாலு புள்ளியால் தவறுகிறான் என்று வைத்துக்கொள்வோம். தவறியவன் மூத்தவனாயின் அந்த வீட்டில் அன்றைக்கு அவன் எங்கே போய் ஒளிவான்? பதினோரு மாதம் முன் பிறந்ததற்காகப் பத்து ஆண்டு “பெரியவன்” என்று சொல்லி வளர்த்த சொல், அன்று அவன்மேலே திரும்பும். சுற்றத்தார் வந்து கேட்பார்கள், கேட்கத்தான் செய்வார்கள்.

டென்னிஸ் வீராங்கனையரான வீனஸ், செரீனா வில்லியம்ஸ் சகோதரிகளுக்கிடையே வயது வித்தியாசம் பதினைந்து மாதம். 2001 இல் அமெரிக்கப் பகிரங்கப் போட்டியின் இறுதியாட்டத்தில் அக்காவே தங்கையை வென்றார். பின்னர் தங்கை அவரைத் தாண்டிச் சென்று இருபத்துமூன்று பெரும் பட்டங்களை ஒற்றையரிற் பெற்றார். எனினும் இருவரும் சேர்ந்து ஆடிய பெரும் போட்டிகளின் இரட்டையர் இறுதியாட்டங்கள் பதினான்கிலும் ஒன்றிலேனும் தோற்கவில்லை. எதிரே நிற்கவும் பக்கத்தில் நிற்கவும் அவர்களுக்கு வெவ்வேறு களங்கள் இருந்தன.

நம் பிள்ளைகளுக்கு அந்த வசதியைச் செய்து கொடுப்பது பெரிய காரியமன்று. ஒரே துணியில் இரண்டு சட்டை தைக்காதிருக்கலாம். புள்ளி அறிக்கைகளை ஒன்றன் பக்கத்தில் ஒன்றை வைக்காமல், ஒவ்வொருவனுடன் தனித்தனியே இருந்து பார்க்கலாம். ஒரே தரத்திற் சேர்க்கும்போது வெவ்வேறு பிரிவுகளில் இடவேண்டும் என்று அதிபரிடம் முன்கூட்டியே கேட்கலாம். ஒரே பிரிவு உள்ள சிறிய பாடசாலையாயின், இரண்டு வாங்குகளிலாவது இருத்தச் சொல்லலாம்.