காணி கேட்டவனுக்குக் கண்ணாடித் தொட்டியா?

இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பங்களுக்கு வழங்கப்படும் வாழ்வாதார உதவிகள் என்றதும் கோழிக்குஞ்சும் ஆடும் தையல் இயந்திரமுமே நினைவுக்கு வரும். அவற்றோடு இப்பொழுது அலங்கார மீன் வளர்ப்பும் சேர்ந்துள்ளது. இதைக் கேட்டதும், “காணி கேட்டவனுக்குக் கண்ணாடித் தொட்டியா கொடுக்கிறார்கள்?” என்று சலித்துக்கொள்வோர் எம்மிடையே உண்டு. இந்தச் சலிப்பை வெறும் குறைகூறல் என்று நாம் ஒதுக்கவில்லை. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழுந்து போனவர்களில் ஒரு பகுதியினருக்கு அவர்களது தோட்டக்காணி இன்னமும் திரும்பவில்லை. நான்கு பரப்புச் செம்மண்ணில் வெங்காயமும் மிளகாயும் வைத்துப் பிள்ளைகளைப் படிப்பித்த குடும்பத்துக்கு, இரண்டடி நீளத் தொட்டி எந்த வகையிலும் ஈடாகாது. அப்படி ஈடாகும் என்று எவராவது சொன்னால் அதை நாம் ஏற்கக்கூடாது. காணிக் கோரிக்கைக் கடிதம் ஒரு பக்கம் போய்க்கொண்டே இருக்கவேண்டும்.

ஆயினும் காணி வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க முடியாது என்பதும் உண்மை. உறவினர் வளவின் மூலையில் கொட்டில் போட்டிருப்பவருக்கு ஆடு கட்டவும் இடமில்லை, கோழி விட்டால் அயலவரின் முகம் கோணும். மீன்தொட்டிக்கு ஒரு மேசையளவு இடம் போதும். ஆகவே தொட்டி வேண்டாம் என்பது எமது கருத்தல்ல. அதைக் கொடுக்கின்ற முறையும் தொடங்குகின்ற முறையுமே பிழை என்கிறோம்.

வழக்கமாக நடப்பது இதுதான். ஒரு நாள் வாகனம் வருகிறது. பத்துத் தொட்டிகள் இறக்கப்படுகின்றன. அன்றைக்கே தண்ணீர் நிரப்பி, அன்றைக்கே மீனையும் விட்டு, படமும் எடுத்தாகிவிடுகிறது. முதற் கிழமை மீன்கள் ஓடித் திரிகின்றன. இரண்டாம் கிழமை நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. மூன்றாம் கிழமை தொட்டி வெறுமையாகிறது. “எங்கள் கைராசி சரியில்லை” என்று அந்தக் குடும்பம் நினைத்துக்கொள்கிறது. கடன் எடுத்துத் தொடங்கியிருந்தால் தவணை மட்டும் தப்பாமல் வருகிறது. இதில் கைராசிக்கு ஒரு பங்குமில்லை. பச்சைத் தண்ணீரில் மீனை விட்டதே காரணம்.

கமக்காரருக்கு இதை விளக்குவது எளிது. பச்சைச் சாணத்தை மிளகாய்க் கன்றின் அடியில் கொட்டினால் கன்று எரிந்துபோகும். அதே சாணம் குவியலில் கிடந்து மக்கினால் எருவாகும். நீங்கள் வெங்காயத்துக்குப் போடும் யூரியாவும் மண்ணில் முதலில் அமோனியாவாகி, பின்பு நைத்திரேற்றாக மாறியே பெருமளவில் பயிருக்குப் போகிறது. மண்ணிலுள்ள பற்றீரியாக்களே இந்த வேலையைச் செய்கின்றன. தொட்டிக்குள் நடப்பதும் இதே கதைதான். மீனின் கழிவிலிருந்தும் தின்னாமல் விட்ட தீனியிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. அது மீனின் பூவை அரித்துவிடும் நஞ்சு. ஒரு வகைப் பற்றீரியா அதை நைத்திரைற்றாக மாற்றும். அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அதை நைத்திரேற்றாக மாற்றும். நைத்திரேற்று அளவோடு இருந்தால் மீனுக்குப் பெரிய தீங்கில்லை, நீர்ச்செடிக்கோ அது பசளை. இந்தப் பற்றீரியாக்கள் சல்லியிலும் வடிகட்டியின் ஸ்பொஞ்சிலும் குடியேறிப் பெருக நான்கு தொடக்கம் ஆறு வாரங்கள் செல்லும். தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிந்திருந்தாலும் இந்தக் காலம் முடியுமுன் அது மக்காத எருதான்.

எனவே உதவி வழங்குவோரிடம் நாம் கேட்பது ஒன்றே. முதல் நாள் ஒரு தொட்டியை மட்டும் கொடுங்கள். ஆறு வாரம் கழித்து வந்து பாருங்கள். அதன் பின்பு வேண்டுமானால் மற்றவற்றைப் பற்றிப் பேசலாம். திட்ட அறிக்கைக்கு இது அவ்வளவு பொருத்தமாக இராது என்பது எமக்கும் தெரியும்.

இனி, தொட்டியைத் தொடங்கும் முறை. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் கொண்ட தொட்டி ஏறத்தாழ 50 லீற்றர் தண்ணீர் பிடிக்கும். கண்ணாடியும் சல்லியும் சேர்ந்தால் பாரம் 60 கிலோவைத் தாண்டும். ஆகவே பிளாஸ்ரிக் கதிரையிலோ ஆடும் மேசையிலோ வைக்கவேண்டாம். சீமெந்துக் கல் அடுக்கி, மேலே பலகை போட்டு, அதன்மேல் ஒரு றெஜிபோம் துண்டை விரித்து வைப்பது நல்லது. சிறிய போத்தலிலும் சாடியிலும் தொடங்குவது இலகு என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மை அதற்கு எதிர்மாறானது. தண்ணீர் குறையக் குறைய நஞ்சு விரைவாக ஏறும், சூடும் விரைவாக ஏறும். கண்ணாடித் தொட்டிக்கு வசதியில்லாவிட்டால் பழைய பிளாஸ்ரிக் பேசினும் போதும். புதிய சீமெந்துத் தொட்டியென்றால் அதன் சுண்ணாம்பு கழியும்வரை இரண்டு மூன்று வாரங்களுக்குத் தண்ணீரை நிரப்பி நிரப்பி வெளியேற்றவேண்டும். வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவிடும் பழைய வழக்கமும் உண்டு.

தகரக் கூரையின் கீழ் இருப்போர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். மத்தியான வெக்கையில் தண்ணீர் சூடேறினால் அதிலுள்ள ஒட்சிசன் குறையும். தொட்டியைத் தாழ்வாக, வெயில் விழாத பக்கத்தில் வைத்து, கோடையில் ஓர் ஈரச்சாக்கை மூன்று பக்கமும் சுற்றிவிடுங்கள். மின்சாரம் இருந்தால் சிறிய காற்று மோட்டாரும் ஸ்பொஞ் வடிகட்டியும் போதும். மின்சாரம் இல்லையென்றால் மீனின் தொகையைப் பாதியாக்கி நீர்ச்செடியை இரட்டிப்பாக்குங்கள். குளத்துப் பாசியை எடுத்து வருவதானால் நன்றாக அலசி, ஒரு வாளியில் சில நாள் வைத்துப் பார்த்தபின் போடவேண்டும். தும்பியின் குடம்பி அதற்குள் ஒளிந்து வந்தால் மீன்குஞ்சு ஒன்றும் மிஞ்சாது.

தண்ணீர் விடயம் இடத்துக்கு இடம் வேறுபடும். யாழ். குடாநாட்டுக் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லில் வெட்டப்பட்டவை. அந்தத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது, கேத்தலின் அடியில் வெள்ளை படியும். இப்படியான வன்நீர் கப்பி, மோலி, பிளாற்றி ஆகிய மீன்களுக்கு நன்றாகப் பிடிக்கும். சற்று உவர் ஏறிய கிணறென்றாலும் மோலி தாங்கும். நியோன் ரெற்றா, டிஸ்கஸ் போன்றவற்றைக் கடையில் கண்டு ஆசைப்படவேண்டாம். அவை மென்னீரில் வாழ்பவை. இன்னொன்றையும் சொல்லவேண்டும். காரத்தன்மை கூடிய தண்ணீரில் அமோனியாவின் நச்சுத்தன்மை மேலும் கடுமையாகும். ஆகவே எங்கள் தண்ணீருக்கு இந்த ஆறு வாரப் பொறுமை மற்றவர்களைவிட அதிகம் தேவை. வெள்ளத்தின் பின் குளோரீன் போட்ட கிணறென்றாலும் குழாய்த் தண்ணீரென்றாலும், திறந்த பாத்திரத்தில் இரண்டு நாள் வைத்தபின் பாவியுங்கள். அந்தப் பாத்திரத்தை மெல்லிய துணியால் மூடிக் கட்டுங்கள். இல்லாவிடில் டெங்கு நுளம்புக்கு நீங்களே தொட்டில் கட்டியவர்களாவீர்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் மீன் வளர்ப்பு என்ற சமாதானம் எடுபடாது.

முதல் இரண்டு வாரம் தண்ணீர், கழுவிய ஆற்றுமணல், செடி இவை மட்டும் இருக்கட்டும். நாளுக்கு ஒரு சிட்டிகை தீனியைப் போட்டு அழுகவிடுங்கள். அயலில் எவரிடமாவது நோயில்லாத பழைய தொட்டி இருந்தால், அதிலிருந்து ஒரு பிடி சல்லி வாங்கி வாருங்கள். பாலுக்கு உறைமோர் விடுவதுபோல அது வேலை செய்யும். பின்பு இரண்டு மூன்று கப்பியை மட்டும் விடுங்கள். நுளம்புக்காகக் கிணறுகளில் விட்ட கப்பி பல வளவுகளில் இருக்கிறது. முதல் மீனுக்குக் காசு செலவழிக்கவே தேவையில்லை. மூன்று நாளுக்கொரு முறை கால்வாசித் தண்ணீரை, அதாவது ஒரு வாளியளவை, மாற்றுங்கள். ஆறாம் வாரம் கடந்து மீன்கள் சுறுசுறுப்பாக இருந்தால் தொகையை எட்டு, பத்து என்று கூட்டலாம். அதன் பின்பு கிழமைக்கு ஒரு வாளி மாற்றினால் போதும். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கு மேல் தீனி போடவேண்டாம். பிள்ளைகள் அன்பு மிகுதியால் பாணைப் பிய்த்துப் போடுவதே பல தொட்டிகளை அழித்திருக்கிறது. ஸ்பொஞ்சைச் சவர்க்காரம் போட்டுக் கழுவக்கூடாது. வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே பிழிந்துவிடுங்கள்.

“குடிக்கவே தண்ணீர் எட்ட இருந்து அள்ளுகிறோம், மீனுக்கு எங்கே போவது?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் மாற்றிய வாளித் தண்ணீர் வீண்போவதில்லை. நைத்திரேற்று உள்ள அந்த நீரைக் கத்தரிக்கோ பயிற்றைக்கோ ஊற்றினால் கன்று தெளியும். எப்படியும் ஊற்றவேண்டிய தண்ணீர்தான், வழியில் ஒரு கிழமை மீனோடு தங்கிப் போகிறது. கிணறு வற்றும் ஆவணி, புரட்டாதியில் அதற்கும் வழியில்லாத இடங்களில் தொட்டி தொடங்காமலிருப்பதே புத்தி.

கமம் செய்வோர் வீட்டில் ஓர் ஆபத்து விசேடமாக உண்டு. மருந்தடித்த கையோடு தொட்டிக்குள் கை வைக்கக்கூடாது. கிருமிநாசினி கரைத்த வாளியை எத்தனை முறை கழுவியிருந்தாலும் தொட்டித் தண்ணீருக்குப் பாவிக்கக்கூடாது. நுளம்பு மருந்து விசிறும்போது தொட்டியை மூடிவிடுங்கள். இறால் வளர்க்க விரும்புவோருக்கு இது இன்னும் முக்கியமானது. தாய்வான், சீனப் பக்கத்திலிருந்து உலகெங்கும் பரவிய சிறிய செர்ரி இறாலைத் தொட்டியிலேயே பெருக்கலாம். தாய் இறால் முட்டைகளை வயிற்றின் கீழ் மூன்று நான்கு வாரம் சுமந்து, முழு உருவமுள்ள குஞ்சுகளையே விடும். வன்னிக் குளங்களில் விடப்படும் பெரிய நன்னீர் இறாலின் குஞ்சுகளுக்கோ தொடக்கத்தில் உவர்நீர் தேவை. அதைத் தொட்டியில் பெருக்க முயல்வது வீண்வேலை. செர்ரி இறால் செம்பைத் தாங்காது. திராட்சைக்கும் தக்காளிக்கும் அடிக்கும் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போடோக் கலவையின் சிறு சொட்டே போதும், முழுத் தொட்டியும் மடிந்துவிடும். எனவே இறாலை மூன்று மாதம் பழகிய தொட்டியில் மட்டும் விடுங்கள். முதல் தொட்டிக்குக் கப்பியே எமது தெரிவு.

வருமானத்தைப் பற்றிப் பேசாமல் விடமுடியாது. இலங்கையிலிருந்து ஏற்றுமதியாகும் நன்னீர் அலங்கார மீன்களில் கப்பிக்கு முக்கிய இடமுண்டு. அது ஏறத்தாழ நான்கு வாரத்துக்கொரு முறை குஞ்சு பொரிக்காமல் ஈனும். தாயே குஞ்சைத் தின்னும் என்பதால் செடியடர்ந்த ஒதுக்கிடம் வேண்டும். பெருகுவது சிரமமில்லை. விலைபோவதுதான் சிரமம். வாங்குபவர் ஒரே நிறம், ஒரே வால் அமைப்புள்ள மீனையே கேட்பார். கிணற்றுக் கப்பியும் கடைக் கப்பியும் கலந்து பிறந்தவற்றுக்கு விலையில்லை. பெண்மீன் ஒருமுறை சேர்ந்தால் மாதக்கணக்கில் அந்த விந்தை உடலில் வைத்துக் குஞ்சு ஈனும். ஆகவே இனத்தைப் பேண விரும்பினால் நான்கு வாரத்துக்குள் ஆண், பெண் பிரித்துவிடவேண்டும். வாங்குபவர் யார், எங்கிருந்து எடுப்பார், என்ன விலை என்பதைக் கேட்டறியாமல் இரண்டாவது தொட்டி வாங்கவேண்டாம். கிழமைத் தவணைக் கடனில் மட்டும் தொடவே வேண்டாம். மீன் மாதக்கணக்கில் வளர்வது, தவணைக்காரர் கிழமைக்குக் கிழமை படலையில் நிற்பவர்.

மீளக் குடியமரும் நாள் வந்தால், அல்லது வேறு காரணத்தால் இடம் மாறவேண்டி வந்தால், மீனை அருகிலுள்ள குளத்தில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். தொட்டி துடைக்கும் மீன் என்று கடையில் விற்கப்படும் சக்கர் மீன் இப்படி விடப்பட்டே எமது நாட்டு நீர்நிலைகள் சிலவற்றில் பெருகியுள்ளது. அயலவருக்குக் கொடுங்கள், அல்லது கூடவே கொண்டுபோங்கள். முதல் நாள் தீனியை நிறுத்தி, பொலித்தீன் பையில் மூன்றிலொரு பங்கு தண்ணீரும் மிகுதி காற்றுமாகக் கட்டி, ஈரச்சாக்கால் சுற்றினால் ஒரு பகல் பயணத்தைக் கப்பி தாங்கும். சல்லியையும் ஸ்பொஞ்சையும் காயவிடாமல், பழைய தண்ணீரோடு ஒரு வாளியில் எடுத்துச் செல்லுங்கள். பற்றீரியா அவற்றில்தான் இருக்கிறது. அவை ஈரமாகப் போய்ச் சேர்ந்தால் புதிய வளவில் மறுபடி ஆறு வாரம் காத்திருக்கத் தேவைப்படாது.