பயனர் அல்லர், உழைப்பாளர்

கணினி விளையாட்டுத் தொழில் குறித்து வரும் கட்டுரைகளை மொழிபெயர்க்கும்போது மீண்டும் மீண்டும் எதிர்ப்படும் தொடர் ஒன்று உண்டு: 'பயனர் உருவாக்கிய உள்ளடக்கம்'. இத்தொடரில் பொருள் இருக்கிறது, அதை உருவாக்கியவரும் இருக்கிறார். உழைப்பு என்ற சொல் மட்டும் கவனமாக அகற்றப்பட்டிருக்கிறது. தறியில் அமர்ந்து நெய்தவரை 'ஆடை உடுத்துபவர்' என்று ஓர் ஆலை முதலாளி பதிவேட்டில் எழுதிக்கொண்டால் நாம் சும்மா இருப்போமா? விளையாட்டு நிறுவனங்கள் முப்பது ஆண்டுகளாக அதைத்தான் செய்துவருகின்றன.

இத்துறைக்குப் புதிய தோழர்களுக்காகச் சில செய்திகள். ஒரு கணினி விளையாட்டு சந்தைக்கு வந்தபின், அதை ஆடுகிறவர்கள் அதற்குப் புதிய களங்களை உருவாக்குகிறார்கள். இவற்றை 'மேப்' என்பர். விளையாட்டின் விதிகளையும் பாத்திரங்களையும் கதையையுமே மாற்றியமைத்தால் அது 'மாட்'. இதற்கு நிலம் வரைய வேண்டும், நிரல் எழுத வேண்டும், இரு தரப்புக்கும் வெற்றி வாய்ப்பு நிகராக இருக்கிறதா என்று நூற்றுக்கணக்கான முறை ஆடிப் பார்க்க வேண்டும், பிழை திருத்த வேண்டும், ஆடுவோரின் முறையீடுகளுக்கு விடை சொல்ல வேண்டும். நிறுவனத்தின் அலுவலகத்தில் இதே வேலைகளைச் செய்பவருக்கு வடிவமைப்பாளர், நிரலாளர், சோதனையாளர் என்று பதவிப்பெயரும் மாதச் சம்பளமும் உண்டு. வீட்டிலிருந்து செய்பவருக்கு 'ரசிகர்' என்ற பட்டம் மட்டுமே.

"இளைஞர்களின் பொழுதுபோக்கைப் பற்றி எழுத நம் ஏட்டில் இடம் எதற்கு?" என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். இது பொழுதுபோக்குப் பற்றிய கட்டுரையன்று, உற்பத்தியைப் பற்றியது. ஆக்டிவிஷன் பிளிசார்ட் நிறுவனத்தை வாங்க மைக்ரோசாஃப்ட் 2022இல் அறிவித்த விலை 6,870 கோடி டாலர். 'மைன்கிராஃப்ட்' விளையாட்டை உருவாக்கிய மோஜாங்கை அது 2014இல் 250 கோடி டாலருக்கு வாங்கியது. இத்தகைய விலைகளில் விற்கப்படுவது நிரல் மட்டுமன்று. பல ஆண்டுகளாக ஊதியமின்றி உழைத்து அந்த விளையாட்டுகளுக்குப் புத்துயிர் ஊட்டிவந்தவர்களின் ஆக்கமும், அதைச் சுற்றித் திரண்ட மக்களும் அந்த விலையில் அடக்கம்.

வரலாற்றைப் பார்ப்போம். 1993இல் வெளியான 'டூம்' விளையாட்டின் கட்டமைப்பு, களங்களைப் பிறர் எளிதில் மாற்றியமைக்க இடம் தந்தது. ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் களங்கள் செய்தனர். 1996இல் அந்நிறுவனம், ரசிகர்கள் உருவாக்கிய இரு களத் தொகுப்புகளை வாங்கி 'ஃபைனல் டூம்' என்ற பெயரில் கடைக்கு அனுப்பியது. 1999இல் இரு இளைஞர்கள் 'ஹாஃப் லைஃப்' விளையாட்டின் மீது 'கவுண்டர் ஸ்டிரைக்' என்ற மாட் ஒன்றைக் கட்டினர். அது பரவிய வேகத்தைக் கண்ட வால்வ் நிறுவனம் மறு ஆண்டே அதைக் கையகப்படுத்தி விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்த இருவருக்கும் வேலை கிடைத்தது, உண்மை. ஆனால் சந்தை ஆய்வு, பரிசோதனை, தோல்வியுறும் முயற்சிகளின் செலவு ஆகிய சூதாட்டச் சுமை முழுவதையும் சுமந்தவர்கள் ரசிகர்கள். வென்ற குதிரையை மட்டும் ஓட்டம் முடிந்தபின் வாங்கும் வசதி மூலதனத்துக்கு வாய்த்தது.

எல்லாவற்றிலும் தெளிவான பாடம் 'டோட்டா'. பிளிசார்ட் 2002இல் வெளியிட்ட 'வார்கிராஃப்ட் 3' விளையாட்டுடன் களம் அமைக்கும் கருவியும் தரப்பட்டது. அதைக் கொண்டு ரசிகர்கள் கைமாற்றிக் கைமாற்றி வளர்த்தெடுத்த களமே டோட்டா. ஒருவர் தொடங்கினார், மற்றொருவர் விரித்தார், மூன்றாமவர் ஆண்டுக்கணக்கில் செப்பனிட்டார். பெயர் தெரியாத பலர் சோதித்தனர். இக்கூட்டு உழைப்பிலிருந்து ஒரு புதிய விளையாட்டு வகையே பிறந்தது. அதன் பின்னர் நடந்தது என்ன? அவ்வகையைப் பின்பற்றி 2009இல் 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' வந்தது. அதன் உரிமை நிறுவனத்தில் 2011இல் டென்சென்ட் பெரும்பங்கை வாங்கியது. வால்வ் நிறுவனம் 'டோட்டா 2' வெளியிட்டது. அப்பெயர் யாருக்கு என்று வால்வும் பிளிசார்டும் மோதிக்கொண்டு 2012இல் சமரசம் செய்துகொண்டன: வணிகப் பயன்பாடு ஒருவருக்கு, வணிகமல்லாப் பயன்பாட்டை ரசிகர்களுக்கு அனுமதிக்கும் உரிமை மற்றவருக்கு. ரசிகர்கள் வைத்த பெயரை இரு நிறுவனங்கள் பங்கிட்டுக்கொண்டன.

பிளிசார்ட் கற்றுக்கொண்ட பாடத்தை 2020 ஜனவரியில் பார்த்தோம். 'வார்கிராஃப்ட் 3' புதுப்பிக்கப்பட்டு வெளியானபோது, ஆடுவோர் உருவாக்கும் களங்கள் அனைத்தும் நிறுவனத்தின் தனிச்சொத்து என்று விதி எழுதப்பட்டது. படைப்பாளியின் தார்மீக உரிமைகளையும் சட்டம் அனுமதிக்கும் அளவுக்குத் துறக்க வேண்டும் என்றது அவ்விதி. பொதுநிலத்தில் மக்கள் ஆடு மேய்த்த காலம் முடிந்தது, வேலி வந்துவிட்டது. இங்கிலாந்தின் பொதுநிலங்கள் அடைக்கப்பட்ட வரலாற்றை 'மூலதனம்' நூலில் படித்த தோழர்களுக்கு இவ்வேலியின் மரம் எது என்று சொல்லத் தேவையில்லை.

வேலி ஒரு கருவி, போட்டி மற்றொன்று. 2004இல் எபிக் நிறுவனம், என்விடியாவுடன் சேர்ந்து, தன் 'அன்ரியல்' விளையாட்டுக்கு மாட் செய்யும் போட்டி ஒன்றை நடத்தியது. ரொக்கம், கணினிக் கருவிகள், மென்பொருள் உரிமம் எல்லாம் சேர்த்துப் பரிசு மதிப்பு 10 லட்சம் டாலர். வென்ற குழு பின்னர் சொந்த நிறுவனம் தொடங்கியது. இன்றும் அதுவே வெற்றிக்கதையாகச் சொல்லப்படுகிறது. வெல்லாதவர்களின் கதை யாருக்கு வேண்டும்? துண்டுக்கூலியைச் சுரண்டலின் கூர்மையான வடிவம் என்கிறோம். ஆயினும் நூறு பீடிக்கட்டுச் சுற்றியவருக்கு நூறு கட்டுக்கான கூலி உண்டு. போட்டியில் நூறு பேர் நூறு களங்கள் செய்கிறார்கள், ஓரிருவருக்குப் பரிசு, எஞ்சிய களங்கள் விலையின்றி அந்த விளையாட்டின் கவர்ச்சியைக் கூட்டுகின்றன. கூலி என்பது உரிமை, பரிசு என்பது அருள். உரிமையை அருளாக மாற்றும் தந்திரத்துக்கே போட்டி என்று பெயர்.

பணம் தரப்படும் இடங்களிலும் பங்கீடு எப்படி இருக்கிறது? 2015 ஏப்ரலில் 'ஸ்கைரிம்' விளையாட்டின் மாட்களை விலைக்கு விற்கும் திட்டம் வந்தது. வால்வுக்கு 30 சதவீதம், பெதெஸ்டாவுக்கு 45 சதவீதம், மாட்டைச் செய்தவருக்கு 25 சதவீதம். ஆடுவோரின் எதிர்ப்பில் சில நாட்களிலேயே அத்திட்டம் கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பைப் 'பணம் தர மனமில்லாதவர்களின் கூச்சல்' என்று ஒதுக்கியவர்கள் உண்டு. அதில் அக்குரலும் இருந்தது. ஆயினும், ஒருவர் செய்ததை மற்றவர் எடுத்து வளர்க்கும் கூட்டு மரபு ஒரே இரவில் சரக்காக்கப்பட்டதன் மீதான நியாயமான கோபமும் அதில் இருந்தது. ஆகவே ஒவ்வொரு மாட்டுக்கும் விலைச்சீட்டு ஒட்டிவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று நாம் கருத முடியாது.

'ரோப்லாக்ஸ்' இன்னும் ஒரு படி மேலே போனது. 2021 மார்ச்சில் நியூயார்க் பங்குச்சந்தையில் இடம்பெற்ற இத்தளத்தில் உள்ள விளையாட்டுகளில் மிகப் பெரும்பாலானவை ஆடுவோரே உருவாக்கியவை; அவர்களில் சிறார்களும் உண்டு. ஊதியம் 'ரோபக்ஸ்' என்னும் நிறுவன நாணயத்தில். ஒரு டாலர் கொடுத்தால் ஏறத்தாழ 80 ரோபக்ஸ் கிடைக்கும். அதைத் தன் விளையாட்டில் ஒருவர் செலவிட்டால் 70 சதவீதம், அதாவது 56 ரோபக்ஸ், உருவாக்கியவருக்கு. தாராளமாகத்தானே தோன்றுகிறது? அதை டாலராக மாற்றப் போனால் வேறு விகிதம். 2025 வரை பல ஆண்டுகளாக ஒரு ரோபக்ஸுக்கு 0.35 சென்ட் மட்டுமே. 56 ரோபக்ஸ் 20 சென்டுக்கும் குறைவாகச் சுருங்கிவிடும். மாற்றிக்கொள்ளவும் குறைந்தபட்ச இருப்பு வேண்டும்; அது முன்பு ஒரு லட்சம் ரோபக்ஸாக இருந்து பின்னர் குறைக்கப்பட்டது. செயலிக் கடைகளின் கட்டணம், கணினிச் செலவு என்று நிறுவனம் கணக்குச் சொல்கிறது. அந்தக் கணக்கேட்டைத் திறந்து பார்க்கும் உரிமை உழைத்தவருக்கு இல்லை என்பதே நம் குற்றச்சாட்டு. அசாம் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளருக்குக் காசுக்குப் பதில் தோட்ட வில்லைகள் தரப்பட்டதை நாடு மறக்கவில்லை. ஊதியத்தைச் செல்லுபடியாகும் நாணயத்தில்தான் தர வேண்டும் என்று 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம் விதித்தது. தோட்ட வில்லை இப்போது திரைக்குள் புகுந்து திரும்பி வந்திருக்கிறது.

இனி மறுப்புரைகளுக்கு வருவோம். "யாரும் கட்டாயப்படுத்தவில்லை, விருப்பத்தால் செய்கிறார்கள்" என்பது முதல் மறுப்பு. விருப்பத்தோடு பாடம் நடத்தும் ஆசிரியருக்குச் சம்பளம் வேண்டாமா? மகிழ்ச்சியோடு நோயாளியைக் கவனிக்கும் செவிலியருக்கு வேண்டாமா? வேலையில் இன்பம் காண்பது மனித உழைப்பின் இயல்பான நிலை. அந்த இன்பத்தையே கூலியாகக் காட்டுவது முதலாளித்துவத்தின் குயுக்தி. ஜூலியன் கூக்லிக் என்ற ஆய்வாளர் 2005லேயே இவ்வுழைப்புக்கு விளையாட்டையும் உழைப்பையும் இணைத்து ஒரு புதுச்சொல் படைத்தார். தமிழில் 'ஆட்டவுழைப்பு' எனலாம்.

இரண்டாம் மறுப்பு நம்மை நோக்கியே வீசப்படுவது: "உங்கள் தோழர்கள் சுவரொட்டி ஒட்டுகிறார்கள், மொழிபெயர்க்கிறார்கள், ஊதியம் வாங்குவதில்லையே, அதுவும் சுரண்டலா?" நேர்மையான கேள்வி, நேராக விடை சொல்வோம். உழைப்பின் பயன் யாருக்குப் போகிறது, அதைப் பற்றிய முடிவை யார் எடுக்கிறார்கள் என்ற இரு அளவைகளை வைத்துப் பாருங்கள். கட்சிப் பணியின் பயனைத் தனியொருவர் பங்காதாயமாக எடுத்துச் செல்வதில்லை. முடிவெடுக்கும் குழுக்களை நாமே தேர்ந்தெடுக்கிறோம். லினக்ஸ், விக்கிப்பீடியா ஆகியவற்றில் தன்னார்வ உழைப்பின் விளைவு பொது உரிமத்தால் எல்லோருக்கும் பொதுவாக நிற்கிறது. டூம் விளையாட்டின் மூலநிரல் 1997இல் வெளியிடப்பட்டுப் பின்னர் பொது உரிமத்தின் கீழ் வந்ததால், அதன் மீது ரசிகர்கள் இன்றும் தடையின்றிக் கட்டுகிறார்கள். கொடை என்பது பொதுவுக்குப் போகும்போது கொடை. பங்குதாரரின் பைக்குப் போகும்போது அதற்கு வேறு பெயர்.

கோட்பாட்டளவில் ஒரு கேள்வி எஞ்சுகிறது. கூலிக்கு உழைப்புச் சக்தியை விற்காதவர் கண்டிப்பான பொருளில் உபரி மதிப்பைப் படைக்கிறாரா, அல்லது நிறுவனம் பெறுவது ஏகபோக வாடகையா? மார்க்சியர்களிடையே விவாதம் நடக்கிறது, நடக்கட்டும். அறிவியலையும் இயற்கை ஆற்றல்களையும் மூலதனம் செலவின்றித் தனதாக்கிக்கொள்கிறது என்று மார்க்ஸ் காட்டினார். இங்கே அது மனிதரின் ஓய்வு நேரத்தையே அவ்வாறு எடுத்துக்கொள்கிறது. எட்டு மணி நேரம் ஓய்வுக்கு என்று போராடி வென்ற நேரம் அது.

இதன் சுமை கூலி பெறும் தொழிலாளர் மீதும் விழுகிறது. இலவசமாகக் களம் செய்ய ஆயிரம் பேர் வெளியே காத்திருக்கும்போது, உள்ளே இருப்பவரின் பேரம் பலவீனப்படுகிறது. 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் தன் விளையாட்டுப் பிரிவில் 1,900 பேரை வெளியேற்றியது. எதிர்வினையும் பிறந்துள்ளது. மாட்களின் செழிப்பால் ஆண்டுக்கணக்கில் விற்ற பெதெஸ்டா விளையாட்டகத்தின் தொழிலாளர் 2024 ஜூலையில் அமெரிக்கத் தகவல் தொடர்புத் தொழிலாளர் சங்கத்தில் இணைந்தனர். சங்கத்தின் வாயில் இன்னும் அலுவலகச் சுவரோடு நின்றுவிடுகிறது. வெளியே இருந்து உழைப்பவரையும் உள்ளே அழைக்கும் நாளில்தான் அதன் வலிமை முழுமை பெறும்.

நம் நாட்டுக்கு இது தொலைவான செய்தியா? 2025 மே மாதம் மும்பையில் ஒன்றிய அரசு நடத்திய 'வேவ்ஸ்' மாநாட்டில் பிரதமர் 'ஆரஞ்சுப் பொருளாதாரம்' பற்றிப் பேசினார். அதையொட்டி 'கிரியேட் இன் இந்தியா' என்ற பெயரில் 32 போட்டிகள் நடத்தப்பட்டன. வேலை கேட்கும் இளைஞருக்குப் போட்டியைக் காட்டுவது இவ்வாட்சியின் வழக்கம். 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு தளத் தொழிலாளர் என்ற சொல்லையாவது ஏற்றது. களம் அமைக்கும் மாணவர் எந்த வரையறைக்குள்ளும் தெளிவாக இடம்பெறவில்லை.

சட்டத்தில் பற்றிக்கொள்ள நமக்குப் பிடிகள் உண்டு. பதிப்புரிமையை விற்ற பின்னும் ஆக்கியோன் என்று உரிமை கோரலாம் என்கிறது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு. திரைப்படப் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தம் உரிமைத்தொகைப் பங்கை ஒப்பந்தத்தால் இழக்க முடியாது என்று 2012ஆம் ஆண்டுத் திருத்தம் உறுதிசெய்தது. படத் தயாரிப்பாளரின் ஒப்பந்தத்தாள் அங்கே கட்டுப்படுத்தப்பட்டது என்றால், விளையாட்டு நிறுவனத்தின் 'ஏற்கிறேன்' பொத்தானை ஏன் கட்டுப்படுத்தக் கூடாது?

ஆகவே நம் கோரிக்கைகள் இவை. ஆக்கியோன் உரிமையைத் துறக்கச் செய்யும் விதி செல்லாது என்று சட்டம் சொல்ல வேண்டும். போட்டியில் பரிசு பெறாத ஆக்கம் ஆக்கியவருக்கே உரியதாக வேண்டும். நிறுவனம் பயன்படுத்தினால் கூலி தர வேண்டும். வருவாய்ப் பங்கீடு நாட்டின் நாணயத்தில், தணிக்கைக்கு உட்பட்டு நடக்க வேண்டும். பொதுப்பணத்தில் நடத்தப்படும் போட்டிகளின் விளைவுகள், ஆக்கியோர் இசைவுடன், பொது உரிமத்தின் கீழ் மக்களுக்குக் கிடைக்க வேண்டும். தகவல் தொழில்நுட்பத் துறைச் சங்கங்கள் இவ்வுழைப்பாளருக்கு உறுப்பினர் சீட்டு அளிக்க வேண்டும்.

மாணவர், வாலிபர் அரங்குகளில் பணியாற்றும் தோழர்கள் நாளையே தொடங்கக்கூடிய வேலை ஒன்றும் உண்டு. உங்கள் கிளையில் இரவெல்லாம் கணினி முன் அமர்ந்து களம் அமைக்கும் இளைஞர் ஒருவராவது இருப்பார். அவரிடம் வீண்பொழுது போக்குகிறாய் என்று சொல்லாதீர்கள். எத்தனை மணி நேரம் உழைத்தாய், அது இப்போது யாருடைய சொத்து என்று கேளுங்கள். அமைப்பு கட்டும் பேச்சு அங்கிருந்து தொடங்கட்டும்.