மைக் செட் வீட்டில் ஒரு கிடார் பெடல்

"ஸ்பீக்கர் கிழியுது, வால்யூமைக் குறைடா!"

திருவாலங்காட்டில் எங்கள் தெருவில் மைக் செட் வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். முப்பது வருடங்களில் கூட வேலை செய்யும் பையன்களிடம் அவர் அதிகம் சொன்ன வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். கல்யாணம், காதுகுத்து, ஆடி மாதத்தில் கூழ் வார்ப்பது என்று எங்கே குழாய் கட்டினாலும் பாட்டு கரகரக்கக் கூடாது. கரகரத்தால் தொழிலுக்கே அவமானம் என்பார்.

அந்த வீட்டிலிருந்துதான் போன மாதம் ஒரு சாயங்காலம் மாவு மில் ஓடுவதுபோல ஒரு சத்தம். தெருவே எட்டிப் பார்த்தது. அண்ணனின் மகன் காக்களூர் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவன். ஓவர்டைம் பணத்தைச் சேர்த்துவைத்து ஓர் ஓவர்டிரைவ் பெடல் வாங்கி வந்திருந்தான். உள்ளங்கை அளவில் ஓர் இரும்புப் பெட்டி, மேலே மூன்று திருகுகள், காலால் மிதிக்க ஒரு சுவிட்ச். கிடாரை அதில் செருகி, அதை அப்பாவின் ஆம்ப்ளிஃபயரில் செருகி, அங்கிருந்து வாசலில் கிடந்த குழாய் ஸ்பீக்கருக்குக் கொடுத்துவிட்டான்.

அண்ணன் என்னிடம் வந்து புலம்பினார். "இத்தனை வருஷமா எது வரக்கூடாதுன்னு நான் காவல் காத்தேனோ, அதைக் காசு கொடுத்து வாங்கிக்கினு வந்திருக்கான்!"

சிரிப்பு வந்தது. ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி. தெளிவாக வரும் சத்தத்தைக் கெடுக்க ஒரு கருவியா? அதற்கு ஆயிரக்கணக்கில் செலவா?

முதலில் அந்தக் கரகரப்பு எப்படி வருகிறது என்று பார்த்துவிடுவோம். கிடார் தந்தியின் அதிர்வு மின்சாரமாக மாறும்போது அலை அலையாக மேலும் கீழும் போகிறது. ஆம்ப்ளிஃபயர் அந்த அலையைப் பெரிதாக்குகிறது. ஆனால் எந்த ஆம்ப்ளிஃபயருக்கும் ஓர் உச்ச அளவு உண்டு. அதற்கு மேல் அலை வளரப் பார்த்தால் அதன் தலை தட்டையாகிவிடும். நிலைவாசல் தாழ்ந்த வீட்டுக்குள் உயரமான ஆள் நுழைவதுபோலத்தான். சிலர் பதமாகக் குனிந்து நுழைவார்கள், அது ஓவர்டிரைவ். சிலர் நேராக வந்து இடித்துக்கொள்வார்கள், அது டிஸ்டார்ஷன். இடித்த இடத்தில் அலை சதுரமாகவே ஆகிவிட்டால் அதற்கு ஃபஸ் என்று பெயர்.

தலை வெட்டுப்பட்ட அலைக்குள் புதிய ஸ்வரங்கள் பிறக்கின்றன. கிடாரின் ஐந்தாவது தந்தி நொடிக்கு 110 முறை அதிர்கிறது. அந்த அலையை மேலும் கீழும் ஒரே அளவில் வெட்டினால் 330, 550, 770 என்று ஒற்றைப்படை மடங்குகள் கூடுதலாக வலுப்பெறுகின்றன. நம் காதுக்கு அது தடிமனான, கனத்த குரலாகக் கேட்கிறது. இன்னொரு லாபமும் உண்டு. தந்தியின் அதிர்வு மெல்ல மெல்ல அடங்கினாலும், அலை உச்ச அளவைத் தொட்டுக்கொண்டிருக்கும்வரை சத்தம் குறைந்ததாகவே தெரியாது. அதனால் ஒரு ஸ்வரம் வயலினில் வில் இழுத்ததுபோல நீண்டு நிற்கிறது.

இதை யாரும் திட்டமிட்டுக் கண்டுபிடிக்கவில்லை. பழுதான கருவிகள்தான் கற்றுக்கொடுத்தன. 1958-ல் லிங்க் ரே என்ற அமெரிக்கக் கிடார் கலைஞர் ஸ்பீக்கரில் பென்சிலால் ஓட்டை போட்டுப் பார்த்தார். நாஷ்வில் நகரத்தில் ஒரு பாட்டுப் பதிவின்போது மிக்ஸரில் ஒரு பகுதி கெட்டுப்போய் கிடார் உறுமியது. கேட்டவர்களுக்கு அந்த உறுமல் பிடித்துவிட்டது. 1964-ல் லண்டனில் டேவ் டேவிஸ் பிளேடால் ஸ்பீக்கரின் காகிதத்தைக் கீறினார். நம் அண்ணன் 'கிழியுது' என்று சொல்வாரே, அவர் அதை நிஜமாகவே கிழித்தார்!

நாஷ்வில்லில் பழுதாக வந்த அந்தச் சத்தத்தைப் பெட்டிக்குள் அடைத்து 1962-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அதுதான் மாஸ்ட்ரோ ஃபஸ் டோன். 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 'சாட்டிஸ்ஃபாக்‌ஷன்' பாட்டில் அந்தப் பெட்டியின் குரல் உலகம் முழுக்கக் கேட்டது. பிறகு ஜப்பானியர்கள் வந்தார்கள். 1977-ல் பாஸ் நிறுவனத்தின் மஞ்சள் நிற ஓவர்டிரைவ், 1978-ல் ஆரஞ்சு நிற டிஸ்டார்ஷன், அதே காலத்தில் ஐபனெஸ் நிறுவனத்தின் பச்சை நிற ட்யூப் ஸ்க்ரீமர். இன்று கடைகளில் கிடைக்கும் பல பெடல்கள் இந்த மூன்றின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்தான்.

பெடல் வருவதற்கு முன்பு ஒரு சிக்கல் இருந்தது. கரகரப்பு வேண்டுமென்றால் ஆம்ப்ளிஃபயரை முழு வால்யூமில் வைத்தாக வேண்டும். பெடல் அந்தக் கட்டாயத்தை நீக்கியது. வெட்டு விழுவது பெட்டிக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. வெளியே வரும் சத்தத்தை எவ்வளவு வேண்டுமானாலும் குறைத்துக்கொள்ளலாம். அதாவது, கரகரப்பு வேறு, இரைச்சல் வேறு என்று பிரித்துக் கொடுத்ததுதான் பெடல். அண்ணன் வீட்டு வழக்கில் இதுதான் முக்கியமான சாட்சி. ஆனால் வழக்கு அன்றைக்கு அதுவரை போகவில்லை. அதற்குள் பெடலே செத்துப்போனது.

காரணம், அடாப்டர். 9 வோல்ட் என்று எழுதியிருந்ததைப் பார்த்து வைஃபை பெட்டியின் அடாப்டரை எடுத்துப் பெடலில் செருகிவிட்டான் பையன். வீட்டில் கிடக்கும் அடாப்டர்களில் பெரும்பாலும் பின்னின் நடுப்பகுதி பாசிட்டிவாக இருக்கும். கிடார் பெடல்கள் பெரும்பாலானவற்றுக்கு நடுப்பகுதி நெகட்டிவாக இருக்க வேண்டும். பெடலின் பின்புறத்திலும் அடாப்டரிலும் வட்டத்துக்குள் புள்ளி வைத்த ஒரு சின்னப் படம் இருக்கும். இரண்டிலும் அது ஒன்றுபோல இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் செருக வேண்டும். வோல்ட் மட்டும் பார்த்தால் போதாது.

பையன் முகம் தொங்கிப்போனதைப் பார்த்த அண்ணன், ஒன்றும் பேசாமல் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பெட்டியைத் திறந்தார். தலைகீழாகக் கரண்ட் வந்தால் மற்ற பாகங்களைக் காப்பாற்றத் தன்னைப் பலி கொடுக்கும் ஒரு டையோடு உள்ளே கருகியிருந்தது. அவர் டப்பாவில் அப்படிப்பட்ட டையோடு நூறு இருக்கும். அதை மாற்றும்போதுதான் பக்கத்தில் இருந்த எட்டுக் கால் ஐ.சி-யைப் பார்த்தார்.

"டேய், இது நம்ம 4558!"

திருவாலங்காட்டில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி, ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு நடந்துபோய் அவர் டஜன் கணக்கில் வாங்கிவரும் அதே ஐ.சி. உள்ளூரில் அசெம்பிள் செய்யும் ஆம்ப்ளிஃபயர்களின் பாஸ் - ட்ரெபிள் போர்டில் காலங்காலமாக உட்கார்ந்திருப்பது அதுதான். புகழ்பெற்ற பச்சைப் பெடலின் இதயமும் அதே 4558தான்! வித்தியாசம் என்னவென்றால், பெடலில் அந்த ஐ.சி-யைச் சுற்றி எதிரெதிராக இரண்டு சிறிய டையோடுகளைப் போட்டிருப்பார்கள். சிலிக்கான் டையோடு சுமார் 0.6 வோல்ட்டில் கதவைத் திறக்கும். அலை அந்த அளவைத் தாண்டும்போதெல்லாம் தலை மழுங்கும். அவ்வளவுதான் சூட்சுமம். அண்ணன் அந்த இரண்டு டையோடுகளையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "வேணும்னேதான் வெட்டுறாங்க" என்றார். அந்தக் குரலில் கோபம் குறைந்து கொஞ்சம் மரியாதை வந்திருந்தது.

ஒரு விஷயத்தில் அவர் கண்டுபிடித்த குறை சரியானது. குழாய் ஸ்பீக்கர், பெடலுக்கு ஏற்ற ஜோடியே அல்ல. பேச்சு தூரத்தில் கேட்பதற்காகச் செய்யப்பட்டது அது; அடிநாதம் வராது, கூர்மையான சத்தம் மட்டும் குத்தும். கிடாருக்கான 12 அங்குல ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதைத் தானாகவே மழுக்கிவிடும். கரகரப்பின் முட்களைச் சீவிவிடுவது அந்த ஸ்பீக்கர்தான். பெடலை நேராக ஹெட்போனில் கொடுத்தால் தேனீக் கூட்டம் மாதிரி கேட்பதும் இதனால்தான். ஹெட்போனில் பழகுகிறவர்கள், கிடார் ஸ்பீக்கரைப் போலவே சத்தத்தை மாற்றித் தரும் வசதி உள்ள சின்னக் கருவியை வாங்குவது நல்லது.

சரி, இந்தக் கரகரப்பு நமக்கு முற்றிலும் அந்நியமா? கச்சேரி மேடையில் பின்னால் உட்கார்ந்திருக்கும் தம்புராவை நினைத்துப் பாருங்கள். தந்திக்கும் குதிரைக்கும் நடுவே ஒரு சின்ன நூல் இருக்கும். அதற்கு ஜீவா என்று பெயர். நூலை இம்மி இம்மியாக நகர்த்துவார்கள். சரியான இடம் வந்ததும் 'டொய்ங்' என்றிருந்த தந்தி சட்டென்று விரிந்து ரீங்கரிக்கும். அகலமான, வளைந்த குதிரையில் தந்தி உரசி உரசி அதிர்வதால் மேல் ஸ்வரங்கள் எல்லாம் எழுகின்றன. நம் சர் சி.வி.ராமன் 1921-ல் இந்தியத் தந்தி வாத்தியங்களைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இதைத்தான் எடுத்துக்காட்டினார். தந்தியை மீட்டும் இடத்தைப் பொறுத்துச் சில மேல் ஸ்வரங்கள் வரவே கூடாது என்பது மேல்நாட்டு விதி. வீணையிலும் தம்புராவிலும் அவையும் வருகின்றன என்று காட்டினார். அந்த உரசலுக்கு நம் முன்னோர் வைத்த பெயரைப் பாருங்கள்: ஜீவன்!

இன்னொரு பொருத்தமும் உண்டு. பெடலை அதிகமாக முறுக்கிவைத்து மூன்று ஸ்வரங்கள் சேர்ந்த கார்டு வாசித்தால் சேறு மாதிரி குழம்பும். வெட்டுப்படும்போது ஸ்வரங்கள் ஒன்றோடொன்று கலந்து புதிய ஸ்வரங்களைப் பெற்றெடுப்பதே காரணம். ஆனால் ஷட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் சேர்த்து வாசித்தால் குழப்பம் இல்லை. இரண்டின் விகிதம் 2:3. பிறக்கும் புதிய ஸ்வரமோ கீழ் ஸ்தாயி ஷட்ஜமம். அது குடும்பத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ராக் கலைஞர்கள் இதைப் பவர் கார்டு என்பார்கள். ஸ-வும் ப-வும் ரீங்காரத்தோடு! தம்புராவில் நாம் கேட்பதும் அதுதானே?

இந்த இரண்டு உலகத்தையும் சேர்த்துவைத்தவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். ராணிப்பேட்டையில் பிறந்த பிரசன்னா, எலெக்ட்ரிக் கிடாரில் கர்நாடக இசை வாசிப்பவர். ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்கு அஞ்சலியாக 2006-ல் 'எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்' என்ற இசைத்தொகுப்பே வெளியிட்டார். கமகத்துக்கு ஸ்வரம் நீண்டு நிற்க வேண்டும். கிடாருக்கு அந்த நீளத்தைக் கொடுப்பது மின்சாரம். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் எலெக்ட்ரிக் மாண்டலினைத் தேர்ந்தெடுத்ததும் அந்த நீளம் கைகூடுவதால்தான்.

இதையெல்லாம் ஒரு நாள் அண்ணனிடம் சொன்னேன். தலையாட்டிக் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "கரகரப்பு இருக்கட்டும்பா. எனக்கு ராத்திரியில சில்வண்டு கத்துறது கேக்கறதில்ல. அஞ்சாறு வருஷமாச்சு. குழாய்க்குக் கீழயே நின்னு நின்னு போச்சு. அவனும் பகல் பூரா மெஷின் சத்தத்துல நிக்கிறான். வீட்டுக்கு வந்தும் இப்படின்னா, அவன் காது என்ன ஆகும்?"

அப்போதுதான் புரிந்தது. அவருடைய கோபம் பெடல் மீதே இல்லை.

85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் காதுக்கு ஆபத்து என்பது நிபுணர்கள் சொல்லும் கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம்தான். உள்காதின் நுண்ணிய முடிச் செல்கள் ஒருமுறை அழிந்தால் திரும்ப முளைக்காது. முதலில் போவது கீச்சென்ற உயர்ந்த ஸ்வரங்கள். சில்வண்டு கேட்காமல் போவது அதனால்தான். தொழிற்சாலையில் கொடுக்கும் காது அடைப்பானைக் கூச்சப்படாமல் போட்டுக்கொள்ளுங்கள். கிடார் பழகும்போது, பக்கத்தில் இருப்பவருடன் கத்தாமல் பேச முடிகிற அளவில் வையுங்கள். இரவு 10 மணிக்கு மேல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குச் சட்டப்படியே தடை இருக்கிறது. தெருவுக்கும் தூக்கம் வேண்டுமல்லவா?

எங்கள் ஊர் ரத்தின சபை. காரைக்கால் அம்மையார் இங்கே பாடிய பதிகத்தில் பேய்களும் நரிகளும் அலறுகிற காட்டைச் சொல்கிறார். அதே பதிகத்தில் ஸ்வரங்களையும் வாத்தியங்களையும் பெயர் பெயராக அடுக்குகிறார். அலறலும் இசையும் ஒரே காட்டில்தான் இருந்திருக்கின்றன. இரண்டையும் கேட்க அவருக்குக் காது இருந்தது.

இப்போது அந்த வீட்டில் ஏற்பாடு மாறிவிட்டது. பழைய 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்றை அண்ணனே ஒரு மரப்பெட்டியில் பொருத்திக் கொடுத்திருக்கிறார். வால்யூம் திருகில் ஓரிடத்தில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு. அண்ணியின் கைவேலை. அதைத் தாண்டக் கூடாது. கரகரப்புத் திருகுக்கு மட்டும் கோடு போடவில்லை.

நேற்று அந்தப் பக்கம் போனபோது பையன் ஏதோ வாசித்துக்கொண்டிருந்தான். அண்ணன் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் காதைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் கொஞ்சம் கிழிய விடுடா" என்றார்.