கேட்டு வச்சவனுக்கு ரோடு

நான் வங்கியில் குமாஸ்தா. கவிதை எழுதுகிறவன் பிழையில்லாமல் கடிதம் எழுதுவான் என்று சொல்லிக் கடன் பிரிவில் உட்கார வைத்துவிட்டார்கள். அந்த மேசையில் நான் படித்த பாடம் எந்தக் கவிதைப் புத்தகத்திலும் இல்லை. மனையை வைத்துக் கடன் கேட்டு ஒருவர் வந்தால் பத்திரம், பட்டா, வில்லங்கம் எல்லாம் பார்த்த பிறகு மதிப்பீட்டாளர் அறிக்கையில் ஒரு வரி வரும்: அணுகுசாலை எத்தனை அடி? அங்கே ‘வரப்பு வழி’ என்று எழுதியிருந்தால் அதோடு சரி. எங்க காலனி சனங்க இந்த ஒரு வரியிலேயே திரும்பிப் போவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பட்டா இருக்கும். வண்டி போகாது.

ஒருநாள் பெட்ரோல் பங்க் ஒன்றின் கோப்பு என் மேசைக்கு வந்தது. நெடுஞ்சாலைத் துறையிடம் அனுமதி வாங்கிய வரைபடம் உள்ளே இருந்தது. வண்டி நுழைய ஒரு வாய், வெளியேற ஒரு வாய், வேகம் குறைக்கத் தனித்தடம், வேகம் கூட்டத் தனித்தடம், தண்ணீர் போகச் சிறு பாலம். அவ்வளவு நேர்த்தி. எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்தப் பங்க் வந்தது எங்க ஊர் வழியாகப் போகிற அதே நாலுவழிச் சாலையில்தான். காலனியிலிருந்து சாலை கூப்பிடு தூரம். நடுவில் ஒருத்தர் கழனி. அவ்வளவுதான் இந்தியா.

எங்க அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த ராத்திரி 108 வண்டி ரோட்டு மேலேயே விளக்கைச் சுழற்றிக்கொண்டு நின்றது. நடவு முடிந்த நேரம், வரப்பெல்லாம் சேறு. கயித்துக் கட்டிலில் வைத்துத் தூக்கினோம். முன்னால் போனவன் வழுக்கி விழுந்தான், கட்டிலும் சாய்ந்தது. விடிந்ததும் கழனிக்காரர் வந்து, ‘‘ஏண்டா, நாத்த மெரிச்சிட்டீங்களேடா’’ என்றார். ‘‘தப்புதான் ஆண்ட’’ என்று சித்தப்பா கும்பிட்டார். அப்பா அப்போது உயிரோடு இல்லை.

அந்தக் கும்பிடு சட்டத்தில் என்னவாகிறது என்று பிறகு தேடிப் படித்தேன். 1882ஆம் வருடத்து வழியுரிமைச் சட்டம் இருக்கிறது. இருபது வருடம் பகிரங்கமாக, தகராறில்லாமல், உரிமையாக ஒரு வழியை அனுபவித்தால் அது உன்னுடையது என்கிறது. உரிமையாக என்றால் யாரையும் கேட்காமல் என்று அர்த்தம். நாம் தலைமுறை தலைமுறையாக ‘‘ஆண்ட, போய்க்கட்டுமா’’ என்று கேட்டுக் கேட்டுப் போனோம். கேட்டுப் போனால் அது தயவு, உரிமை ஆகாது. நம்மைக் கும்பிட வைத்தவனுக்கே அந்தக் கும்பிடு சாட்சி சொல்கிறது!

சரி, வேறு வழியே இல்லாதவனுக்கு அவசிய வழியுரிமை உண்டே என்பார் வக்கீல். உண்டு. ஆனால் இரண்டு நிலமும் முன்பு ஒரே சொத்தாக இருந்து பிரிந்திருக்க வேண்டும். நாம எந்தக் காலத்தில் அவங்களோட ஒரே பட்டாவுல இருந்தோம்? அதே சட்டத்தின் 28ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒருவகை வழியுரிமைக்குள் இன்னொரு வகை அடங்காதாம். நடக்க விட்டால் நடக்கத்தான், சக்கரம் உருளக் கூடாது.

தேசிய நெடுஞ்சாலைகளுக்குத் தனியாக 2002ஆம் வருடத்துக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதிலும் 28ஆம் பிரிவுதான், தற்செயலாக இருக்கலாம். நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் வண்டியில் வந்தோ, ஐந்து பேருக்கு மேற்பட்டோ ஐந்து பேராகவோ நடந்து வந்தோ நெடுஞ்சாலையில் சேர எவருக்கும் உரிமை இல்லை என்கிறது. பாடை தூக்க நாலு பேர், கொள்ளிச்சட்டிக்கு ஒருத்தன். எண்ணிப் பாருங்கள் தோழர்களே.

பொறியாளர்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. அவனவன் வாசலை நேராக ரோட்டில் திறந்துவிட்டால் வேகமாக வரும் லாரி எங்கே பிரேக் போடும்? ஒவ்வொரு திறப்பும் ஒரு மோதல் இடம்தான். அடிபட்டுச் சாகிறவர்களில் சைக்கிளில் போகிற நம்ம ஆட்கள் எத்தனை பேர் என்பது எனக்கும் தெரியும். கட்டுப்பாடு வேண்டும். யாரைக் கட்டுப்படுத்துகிறீர்கள் என்பதுதான் கேள்வி. கேட்டு வைத்திருப்பவன் விண்ணப்பம் போடலாம், கட்டணம் கட்டலாம், படம் வரைந்து தரலாம். அவன் ‘சொத்துக்காரர்’. நூறு குடும்பம் சேர்ந்து வாழ்கிற காலனிக்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. அதற்காகப் பஞ்சாயத்தோ வேறு துறையோதான் கேட்க வேண்டும். பஞ்சாயத்து யார் கையில், வழியை மறிக்கும் கழனி யார் கையில் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? எங்க ஊரில் சாலை நடுவே தடுப்புச் சுவர் வைத்தபோது இடைவெளி விட்டது ஓட்டல் எதிரில். காலனி எதிரில் இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இன்றும் சுவரேறிக் குதிக்கிறார்கள்.

இதெல்லாம் புதுசு இல்லை. பொதுப்பாதையில் எந்த வகுப்பாரும் நடக்கத் தடையில்லை என்று இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தது 1924இல். உத்தப்புரத்தில் 1989இல் எழுந்த சுவரில் ஒரு பகுதியை உடைத்து வழிவிட 2008 மே மாதம் வரை ஆனது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில், சுடுகாட்டுக்குப் போக நிலத்துக்காரர்கள் வழிவிடாததால், பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிப் பிணத்தைக் கீழே இறக்கினார்கள். படம் பரவி உயர்நீதிமன்றமே தானாக முன்வந்து கேட்டது. மேலே பாலத்தில் வண்டிகள் போகும். கீழே நம்ம ஆள் கயிற்றில் தொங்கிப் போனான்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறதே என்பவர்களுக்கு: 1989இல் எழுதியபோது ‘வழக்கமான வழியுரிமையை’ மறுத்தால் குற்றம் என்றார்கள். வழக்கமே மறுப்பதுதான் என்கிற ஊரில் வழக்கத்தை எங்கே போய்த் தேடுவது? 2016இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் கொஞ்சம் கண் திறந்தது. பொதுச்சாலையைப் பயன்படுத்தவிடாமல் தடுத்தால் குற்றம், சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டவிடாமல் தடுத்தால் குற்றம் என்று எழுதினார்கள். நல்லது. ஆனால் சைக்கிள் சாலைக்கு வந்து சேர்ந்தால்தானே தடுக்க!

ஆகவே நாங்கள் கேட்பது இதைத்தான். பங்குக்கும் ஓட்டலுக்கும் கல்லூரிக்கும் வாசல் அனுமதி கொடுக்கும் முன், அந்தச் சாலையோரத்துக் காலனிக்கு வண்டிப்பாதை இருக்கிறதா என்று அதே கோப்பில் எழுதச் சொல்லுங்கள். இல்லையென்றால் முதலில் காலனிப் பாதை, பிறகு பங்க் வாசல். நடுவில் இருக்கும் கழனியைக் கையகப்படுத்தச் சட்டத்துக்கா பஞ்சம்? நாலுவழிக்கு எடுத்தீர்களே.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கப் போகிறோம். புலப்படத்தின் நகல் எடுத்தாயிற்று. கழனியின் கிழக்கோரமாக இருபதடி அகலத்துக்குச் சிவப்பு மையால் நானே கோடு போட்டிருக்கிறேன். விண்ணப்பதாரர் பெயர் என்ற இடத்தில் காலனிக்காரர்கள் எல்லாரும் கையெழுத்துப் போடுகிறார்கள். இடம் பத்தாமல் பின்பக்கமும் போகிறது. சித்தப்பா மட்டும் இன்னும் போடவில்லை. ‘‘ஆண்டகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு’’ என்கிறார்.